38,000 ரிங்கிட் எம்.பி.ஏ. வேண்டாம், ஒரு பால்குடப் பதிவு போதும்

பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

மகனுக்கு வயது 34. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் 11 ஆண்டுகளாகச் சிப் சோதிக்கும் இயந்திரங்களுக்கு சி பிளஸ் பிளஸ்ஸில் நிரல் எழுதுகிறார். இப்போது வலைச் சேவை, அதாவது இணையம் வழியாகப் பலரும் பயன்படுத்தும் நிரல், கட்டும் வேலைக்கு மாற ஆசைப்படுகிறார். கோலாலம்பூரில் இருக்கும் உங்கள் அண்ணனோ, "இந்த வயதில் முதலிலிருந்தா? எம்.பி.ஏ. முடித்து மேனேஜராகட்டும்" என்கிறார். கட்டணம் 38,000 ரிங்கிட். அதில் 20,000-ஐ ஊழியர் சேமநிதியிலிருந்து எடுப்பது, மீதிக்குக் கடன் வாங்குவது என்று வீட்டில் பேச்சு. உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. கவலை நியாயம்தான். ஆனால் மகனின் ஆசையை விட்டுவிட்டு அந்த 38,000-ஐப் பற்றிக் கவலைப்படுங்கள்.

சேமநிதியின் செஜாத்திரா கணக்கிலிருந்து படிப்புக்குப் பணம் எடுக்க அனுமதி உண்டு. அனுமதி இருக்கிறது என்பதற்காகவே எடுத்துவிடக் கூடாது. ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈவுத்தொகை என்று குறைத்தே கணக்குப் போட்டாலும், இன்று எடுக்கும் 20,000 அவருடைய 55 வயதில் 55,000-ஐத் தாண்டியிருக்கும். மீதி 18,000-க்கு வட்டி வேறு. இவ்வளவும் எதற்கு? ஆட்களை மேய்க்க விருப்பமில்லை, மற்றவர்கள் வந்து இணையும் ஒன்றைத் தன் கையால் கட்டவே விருப்பம் என்று மகனே சொன்னதாக நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். 34 வயது மனிதர் தன் நாட்டத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு, மாமா சொல்கிறார் என்று எம்.பி.ஏ.வில் சேர்ப்பது தவறு. இதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை.

'முதலிலிருந்து' என்ற பேச்சும் சரியில்லை. பதில் தராத கருவிக்கு எத்தனை மில்லி விநாடி காத்திருப்பது, பாதியில் அறுந்த தகவலை எப்படித் தள்ளுவது, இரவு ஷிப்ட்டில் சோதனை நின்றுபோன காரணத்தை இயந்திரம் எழுதி வைக்கும் லாக் குறிப்பை வைத்து எப்படிப் பிடிப்பது, இதெல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. வலைச் சேவைக்கு வரும் புதியவர்கள் பலர் இதையே ஆண்டுக்கணக்கில் அடிபட்டுத்தான் கற்கிறார்கள். அவருக்குப் பழக்கமில்லாதவை மூன்று: தரவுத்தளம், ஒரே நொடியில் வந்து மோதும் பல பேர், நம்பக் கூடாத உள்ளீடு.

வார இறுதி வகுப்பு, இணையச் சான்றிதழ் எல்லாம் உங்களுக்கே தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். பலரும் கவனிக்காத வழி ஒன்று உண்டு. சிறிய சேவை ஒன்றை அடி முதல் நுனி வரை தானே கட்டி, உண்மையான மனிதர்கள் கையில் கொடுத்து, ஆறு மாதம் ஓட்டிக் காட்டுவது. உங்கள் வட்டார ஆலயத்தில் தைப்பூசப் பால்குடத்துக்கு இன்னும் நோட்டுப் புத்தகத்தில்தான் பெயர் எழுதுகிறார்கள் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதையே எடுத்துக்கொள்ளட்டும். தள்ளிப்போட முடியாத நாள் ஒன்று தானாகவே வந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு மாலை இரண்டிரண்டு மணி நேரம், ஞாயிறு காலை நான்கு மணி நேரம், மொத்தம் எட்டு. ஆறு மாதத்தில் 200 மணி நேரம் சேரும்.

முதல் இரண்டு வாரம் பிறர் எழுதி வைத்த ஆயத்தக் கட்டமைப்பு நூலகம் (ஃபிரேம்வொர்க்) எதுவும் வேண்டாம். 8080 போர்ட்டில் ஒரு சாக்கெட்டை, அதாவது கணினியின் இணைப்பு வாசலை, திறந்து, பிரௌசர் அனுப்பும் எழுத்துகளை அப்படியே அச்சிட்டுப் பார்க்க வேண்டும். கோரிக்கை வரி, தலைப்புகள், ஒரு வெற்று வரி, பிறகு உடல். பதிலையும் கையாலேயே எழுத வேண்டும். நீளத்தைச் சொல்லும் தலைப்பில் உண்மையைவிடப் பெரிய எண்ணைப் போட்டு இணைப்பையும் மூடாமல் விட்டால், பிரௌசர் மீதிக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். இயந்திரத்தைக் கணினியோடு இணைக்கும் சீரியல் போர்ட்டோடு மல்லாடியவருக்கு இது உடனே பிடிபடும். அதன் பிறகு அந்த நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு கோ (Go) என்ற நிரல் மொழிக்குப் போகலாம். சி பிளஸ் பிளஸ் அறிந்தவருக்கு அது சில வாரத்தில் வசப்படும். 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பிலிருந்து கோரிக்கை வரும் இணைய முகவரிகளைப் பிரித்துக் கையாள அதன் சொந்த நூலகமே போதும். தரவுத்தளத்துக்கு போஸ்ட்கிரெஸ் என்ற இலவச மென்பொருள். மைக்ரோசர்வீஸ், குபர்னெட்டிஸ் போன்ற பெரிய சேவைகளுக்கான ஏற்பாடுகள் பக்கம் இப்போது திரும்பவே வேண்டாம்.

அவர் சறுக்கப் போகும் இடங்களை இப்போதே சொல்லிவிடலாம். 500 குடங்கள்தான் என்று ஆலயம் வரம்பு வைத்திருக்கும். முதலில் எண்ணிக்கையைப் படித்து, இடம் இருந்தால் எழுதுவது என்றுதான் நிரல் எழுதத் தோன்றும். இரண்டு பேர் ஒரே கணத்தில் 499 என்று படிப்பார்கள், இரண்டு பேருமே எழுதுவார்கள், 501-வது குடம் வந்து நிற்கும். சோதனை இயந்திரத்துக்கு ஒரே ஒரு எஜமான் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் தலைகாட்டியிருக்காது. 'எண்ணிக்கை 500-க்குக் கீழே இருந்தால் மட்டும் ஒன்று கூட்டு' என்ற ஒரே அப்டேட் கட்டளையாக எழுதி, எத்தனை வரி மாறியது என்று பார்க்க வேண்டும். பூஜ்யம் என்றால் இடம் இல்லை. முடிவைச் சொல்லும் வலைக் குறியெண்களில் 409 (மோதல்) என்று பதில் போக வேண்டும். பதிவானால் 201, தவறாக நிரப்பினால் 400, தன் பக்கத்துப் பிழைக்கு 500. எல்லாவற்றுக்கும் 'சரி' என்று பொருள்படும் 200-ஐ அனுப்பிவிட்டு உள்ளே 'பிழை' என்று எழுதும் பழக்கத்தை முளையிலேயே கிள்ள வேண்டும்.

அடுத்தது இருமுறை அழுத்தல். கைப்பேசியில் லைன் விட்டுவிட்டு வரும்போது பக்தர் பொத்தானை மறுபடி அழுத்துவார், இரண்டு ரசீது விழும். படிவம் திறக்கும்போதே ஒரு தனிச் சாவியை, அதாவது வேறெதற்கும் வராத ஓர் அடையாளக் குறியீட்டை, உருவாக்கி, கோரிக்கையோடு சேர்த்து அனுப்பி, அதே சாவி இரண்டாம் முறை பதிவாகாதபடி தரவுத்தளத்திலேயே தடை வைக்க வேண்டும். சாவியும் பதிவும் ஒரே பரிவர்த்தனைக்குள் இருக்கட்டும், விழுந்தால் இரண்டும் சேர்ந்து விழும். மறுபடி வந்தால் முதல் ரசீதையே திருப்பித் தர வேண்டும்.

நம் பெயர்களில் இன்னார் மகன், இன்னார் மகள் என்பதற்கு வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' சாய்கோட்டையும் மறக்கக் கூடாது. பெயரை இணைய முகவரியில் வைத்தால் அந்தக் கோடு பாதையை உடைத்துவிடும். ரசீதை 101, 102 என்ற வரிசை எண்ணால் திறக்கவிட்டாலோ, எண்ணை மாற்றித் தட்டுகிற யாரும் அடுத்தவர் தொலைபேசி எண்ணைப் பார்த்துவிடுவார்கள். ஊகிக்க முடியாத நீண்ட குறியீடு வேண்டும். அடையாள அட்டை எண்ணைக் கேட்கவே கூடாது, ஆலய நிர்வாகம் வற்புறுத்தினாலும்.

நேரம் இன்னொரு பொறி. சர்வர் பெரும்பாலும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நாம் எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இதைக் கவனிக்காவிட்டால், நள்ளிரவில் மூட வேண்டிய பதிவு காலை 8 மணி வரை திறந்து கிடக்கும்.

கட்டி முடித்ததும் 500 இடத்துக்கு 2,000 கோரிக்கைகளை ஒரே நேரத்தில் ஏவிப் பார்க்க வேண்டும். முதல் முறை சேவை பெரும்பாலும் விழும். போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளைத்தான் ஏற்கும், கோ மொழியின் தரவுத்தள நூலகமோ நாம் சொல்லாவிட்டால் இணைப்புகளுக்கு வரம்பே வைக்காது. 20 என்று வரம்பு வைத்தால் மற்றவை வரிசையில் நிற்கும். அதே மொழியில் சர்வருக்கும் இயல்பாக நேர வரம்பு கிடையாது. அதையும் கையால் வைக்க வேண்டும்.

சர்வருக்குச் செலவு அதிகமில்லை. 1 ஜிபி நினைவகமுள்ள வாடகை சர்வர் மாதம் 25 ரிங்கிட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும். இணைப்பை மறையாக்கும் பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. குறுகிய காலத்தில் காலாவதியாகும் என்பதால் தானாகப் புதுப்பிக்கிறதா என்று முன்பே சோதிக்க வேண்டும். தினமும் இரவு தரவின் நகல் வேறோர் இடத்துக்குப் போக வேண்டும். மாதம் ஒருமுறை அந்த நகலைத் தன் மடிக்கணினியில் மீட்டு, வரிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத நகலை நம்பி யாரும் உட்காரக் கூடாது. சேவை எப்போது நின்றது, ஏன் நின்றது, என்ன மாற்றினார் என்று தேதியோடு எழுதி வரட்டும். நேர்காணலில் அந்தப் பக்கங்கள் பேசும்.

வேலையை விடவே கூடாது. சோதனைத் தரவைச் சேகரித்துக் காட்டும் சேவைகள் அவருடைய தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கும். அந்தக் குழுவுக்கு உள்மாற்றம் கேட்பதுதான் முதல் கதவு. பயிற்சி தேவைப்பட்டால், ஊழியர் பயிற்சிக்காக நிறுவனம் எச்.ஆர்.டி. கோர்ப் என்ற அரசு அமைப்புக்குக் கட்டும் 1 விழுக்காடு லெவியிலிருந்து அனுப்ப முடியுமா என்று மனிதவளப் பிரிவில் கேட்கட்டும். ஆலயச் சேவையில் அலுவலக நிரலின் ஒரு வரிகூடக் கலக்கக் கூடாது, அலுவலக மடிக்கணினியையும் தொடக் கூடாது. வேலை ஒப்பந்தத்தில் உரிமை பற்றிய பிரிவை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

அண்ணனிடம் நீங்களே பேசுங்கள் அம்மா, மகனை நடுவில் நிறுத்தாதீர்கள். தைப்பூசம் முடியும் வரை சேமநிதிப் படிவத்தில் கையெழுத்து விழக் கூடாது. இந்த ஞாயிறு காலை ஆலயச் செயலாளரிடம் போய், போன வருடத்து நோட்டுப் புத்தகத்தை மகன் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். அடித்துத் திருத்திய இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். முதலில் எழுத வேண்டிய சோதனைகள் அவைதான்.