மொட்டைமாடி வானமும் செவ்வாய் மண்ணும்: கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த வானியல், விண்வெளிக் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பர்கூரிலிருந்து: சார், ஸ்ரீஹரிகோட்டாவுல விடுற ராக்கெட் சென்னையில தெரியுதுங்கிறாங்க. எங்க ஊர்லேர்ந்து தெரியுமா?

இரவில் ஏவினால், வானமும் தெளிவாக இருந்தால் தெரியும். ஏவுதளம் கிருஷ்ணகிரியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 255 கி.மீ., தர்மபுரியிலிருந்து சுமார் 285 கி.மீ. பூமியின் வளைவால், ராக்கெட் 5 அல்லது 6 கி.மீ. உயரம் ஏறிய பிறகுதான் நம் அடிவானத்துக்கு மேல் வரும். அதனால் ஏவிய உடனே தேடிப் பயனில்லை. கிழக்கே மலை மறைத்தால் இன்னும் தாமதமாகும்.

நோக்க வேண்டிய திசை வடகிழக்கு, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து. இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் முதல் கட்டம் ஏறத்தாழ 1 நிமிடம் 50 விநாடியில் எரிந்து முடியும். அப்போது அது 50 கி.மீ.க்கு மேல் இருக்கும். கையை நீட்டி முட்டியை மடக்கி அடிவானத்தில் வையுங்கள், அந்த முட்டியின் உயரத்தில் ஆரஞ்சு நிறப் பொட்டாகத் தெரியும். பூமியின் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் என்றால் அந்தப் பொட்டு வலது பக்கமாக நகரும்.

பலர் தவறவிடுவதற்குக் காரணம் கைப்பேசி நேரலைதான். அது அரை நிமிடம்கூடப் பின்தங்கி வரும். கடிகாரத்தைப் பார்த்து நில்லுங்கள்.

தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினம் ஏவுதளம் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கே போக அங்கே தளம் அமைகிறது. தர்மபுரிக்கு அது நேர் தெற்கே 410 கி.மீ. ராக்கெட் 13 கி.மீ. ஏறினால்தான் நமக்குத் தெரியத் தொடங்கும். அதுவும் நம்மை விட்டு விலகிப் போகிற ராக்கெட். அங்கிருந்து பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

அரூரிலிருந்து: அண்ணா, பையனுக்கு டெலஸ்கோப் வாங்கணும். 675 மடங்கு பெரிசாக்கும்னு போட்ட பெட்டி ஒண்ணு பார்த்தோம். வாங்கலாமா?

வேண்டாம். பெரிதாக்கும் அளவுக்கு வரம்பு வைப்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம். ஒரு மில்லிமீட்டருக்கு 2 மடங்கு, அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், விவரம் கூடாது. 60 மி.மீ. கண்ணாடிக்கு 120 மடங்குதான் உச்சம். பெட்டியில் 675 என்று போட்டிருந்தால் உள்ளே இருக்கும் முக்காலியும் ஆடும், கண்வில்லையும் மட்டமாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 10x50 பைனாகுலர். நிலாப் பள்ளங்கள், வியாழனின் 4 பெரிய துணைக்கோள்கள், கார்த்திகைக் கூட்டம் எல்லாம் அதிலேயே தெரியும். பையனின் ஆர்வம் ஒரு வருடம் தாங்கினால் 6 அங்குல டாப்சோனியன் (தரையில் உட்காரும் எளிய பெட்டித் தாங்கியில் சுழலும் தொலைநோக்கி) வாங்குங்கள். குவியத்தூரம் 1200 மி.மீ. என்றால் 25 மி.மீ. கண்வில்லையில் 48 மடங்கு, 10 மி.மீ.யில் 120 மடங்கு. சனியின் வளையத்துக்கு 48 மடங்கே போதும்.

வானம் சுழல்வதற்கு ஏற்பக் குழாயைத் திருப்பும் ஈக்வடோரியல் தாங்கி வைத்த தொலைநோக்கியை விற்க வருவார்கள். நம் பக்கத்துக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. அதன் அச்சை ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்க்க வேண்டும், தர்மபுரிக்கு 12 டிகிரி. மலிவான தாங்கிகள் பலவும் குளிர்நாட்டு அட்சரேகையை மனதில் வைத்துச் செய்தவை. 20 டிகிரிக்குக் கீழே இறக்கினால் எதிர் எடைக் கம்பி முக்காலிக் காலில் இடிக்கும். துருவ நட்சத்திரமும் நமக்கு 12 டிகிரி உயரத்தில்தான், பெரும்பாலும் புழுதியிலோ மலைக்குப் பின்னாலோ இருக்கும். டாப்சோனியனுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

வாங்கிய பிறகு படம் தெளிவாக இல்லை என்று கண்ணாடியைக் குறை சொல்வதற்கு முன் மூன்றைப் பாருங்கள். முதலாவது மொட்டைமாடி. பங்குனி, சித்திரையில் பகல் முழுக்கக் காய்ந்த காங்கிரீட் இரவு பத்து, பதினொன்று வரை சூட்டைக் கக்கும். அந்தக் காற்று நெளிவதால் வியாழன் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல் ஆடும். மண் தரையில், முடிந்தால் புல்லில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். இரண்டாவது, வீட்டுக்குள் இருந்த கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வர முக்கால் மணி நேரமாவது ஆகும்.

மூன்றாவது கண்ணாடிகளின் நேர்ப்பாடு. பிரகாசமான நட்சத்திரத்தை 120 மடங்கில் நடுவில் வைத்து, குவியத்தை லேசாகக் கலையுங்கள். வடை போல வட்டம் தெரியும். ஓட்டை நடுவில் இருந்தால் சரி. ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் பின்பக்கத் திருகு ஒன்றைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள், நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். மோசமானால் அதே திருகை எதிர்ப்பக்கம். ஒரே நேரத்தில் இரண்டு திருகைத் தொட்டால் எது என்ன செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். கண்வில்லையில் மாட்டும் கறுப்புச் சூரிய வடிகட்டி கூடவே வந்தால் உடனே தூக்கி எறியுங்கள். குவிந்த வெப்பம் நேராக அதன் மேல் விழும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கும், கண் போய்விடும். சூரியனுக்கு உரிய வடிகட்டி குழாயின் முன்வாயை முழுதாக மூட வேண்டும். 2031 மே 21 அன்று கங்கண கிரகணம் மதுரைப் பக்கமாகப் போகிறது. நமக்குப் பகுதிக் கிரகணம். அதற்குள் இந்தப் பழக்கம் வந்திருக்க வேண்டும்.

பாலக்கோட்டிலிருந்து ஓர் ஆசிரியை: நிழல் இல்லா நாள் எங்க பள்ளியில செஞ்சு காட்டினோம். 12 மணிக்கு நிழல் நல்லாவே இருந்துச்சு. எங்கே தப்பு?

முதல் தப்பு மணியில், டீச்சர். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது. தர்மபுரி 78.2 டிகிரியில் இருப்பதால் சூரியன் 17 நிமிடம் தாமதமாக உச்சிக்கு வரும். ஏப்ரலில் 12:16, ஆகஸ்டில் 12:21.

சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நிழல் மறையும் தேதியும் ஊருக்கு ஊர் மாறும். தர்மபுரிக்கு ஏப்ரல் 22, ஆகஸ்ட் 21. கிருஷ்ணகிரிக்கு ஏப்ரல் 23, ஆகஸ்ட் 20. ஓசூருக்கு ஏப்ரல் 24, ஆகஸ்ட் 19. நீங்கள் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் இருக்கிறீர்கள், இரண்டு நாளும் செய்யுங்கள்.

அடுத்தது சாய்வு. 1 மீட்டர் குழாய் 1 டிகிரி சாய்ந்தால் நிழல் 17 மி.மீ. மாறும். சூரியன் ஒரு நாளில் நகர்வதால் மாறுவது 6 மி.மீ. மட்டுமே. அதாவது 1 டிகிரி சாய்வு மூன்று நாள் பிழை. கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்து இரண்டு பக்கமும் சரிபாருங்கள், தரைக்கு ரசமட்டம் வையுங்கள். சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால் நிழலின் ஓரம் 9 மி.மீ. அளவுக்கு மங்கலாகத்தான் இருக்கும், அது தப்பில்லை. பருமனான பிவிசி குழாய் வைத்தால் பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரியும். ஆகஸ்டில் மேகம் கெடுக்க வாய்ப்பு அதிகம், ஏப்ரலை நம்புங்கள்.

ஊத்தங்கரை மாணவர்: வானத்துல போறது விமானமா, விண்வெளி நிலையமான்னு எப்படி கண்டுபிடிக்கிறது அண்ணா?

கண்சிமிட்டினால் விமானம், தம்பி. நிலையம் சிமிட்டாது, மேற்குப் பக்கம் தோன்றிக் கிழக்குப் பக்கம் போகும், வெள்ளிக் கிரகத்தின் அளவுக்குப் பிரகாசிக்கும், அதிகம் போனால் 6 நிமிடம். நடு வானில் திடீரென்று அணைந்தால் பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அந்தி சாய்ந்த இரண்டு மணி நேரமும் விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரமும்தான் பார்க்க ஏற்றவை.

ஓசூரிலிருந்து: இங்கே வானம் வெளுத்துக் கிடக்கு. தளி, அஞ்செட்டிப் பக்கம் போலாமா?

இருட்டு நன்றாகவே இருக்கும். ஆனால் அது யானை நடமாடும் காடு. இரவில் சாலையோரம் வண்டியை நிறுத்திக் கருவியை விரிக்கும் இடம் அதுவல்ல. தெரிந்தவர்களின் தோட்டம், ஊருக்குள் இருக்கும் களம் என்று பாருங்கள். வத்தல்மலை, சித்தேரி ஊர்ப்பகுதிகளும் நல்லவை. பெங்களூரு, ஓசூர் வெளிச்சம் வடக்கில் இருப்பதால் தெற்கு திறந்த இடமாகத் தேடுங்கள்.

தெற்கு வானம் நமக்குக் கிடைத்த சொத்து. மே நடுவில் இரவு ஒன்பது மணிக்கு மேல் தென் சிலுவை நேர் தெற்கே நிற்கும், அதன் கீழ் நட்சத்திரம் 15 டிகிரி உயரத்தில். அதற்குப் பின்னாலேயே 30 டிகிரி உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கூட்டம் வரும், பைனாகுலரில் பஞ்சு உருண்டை போல. பக்கத்து ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் அமைந்ததற்கு இந்தத் தெற்கு வானமும் ஒரு காரணம். 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்த நோக்கல்களில் காவலூரும் பங்கெடுத்தது.

பென்னாகரத்திலிருந்து ஒரு விவசாயி: ராகி எந்த வறட்சியையும் தாங்கும். செவ்வாய் கிரகத்துல விதைச்சா முளைக்குமா ஐயா?

திறந்தவெளியில் எதுவும் முளைக்காது. அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பாத்தியில் தண்ணீர் விட்டால் மண்ணில் ஊறாது. ஒரு பகுதி கொதித்து ஆவியாகும், மிச்சம் உறையும். சராசரிக் குளிர் கழித்தல் 60 டிகிரி. ஆகவே காற்றடைத்த, சூடேற்றிய கூடாரத்துக்குள்தான் விவசாயம். வெயிலும் நமக்குக் கிடைப்பதில் 43 விழுக்காடுதான். ராகி நல்ல வெயில் கேட்கும் பயிர், விளக்கு போட வேண்டியிருக்கும்.

இனி மண். 2008இல் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பைக் கண்டது, அரை முதல் ஒரு விழுக்காடு வரை. அது உடம்பில் சேர்ந்தால் தைராய்டுக்கு அயோடின் போவதைத் தடுக்கும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றில் ஃபுளோரைடு இருப்பதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள்: கண்ணுக்குத் தெரியாது, கரைந்தே இருக்கும், வருடக் கணக்கில் குடித்த பிறகுதான் பல்லிலும் எலும்பிலும் காட்டும். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன் இங்கே பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பெர்குளோரேட் தண்ணீரில் எளிதாகக் கரையும் என்பதால் மண்ணை அலசி எடுத்துவிடலாம். அலசிய தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும், கொட்டிவிட அங்கே தண்ணீர் மிச்சமில்லை.

அலசிய பிறகு கையில் இருப்பது வெறும் கல்தூள். மக்கு இல்லை, தழைச்சத்து இல்லை. இறவை ராகிக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கிறார்கள். செவ்வாய்க் காற்றில் நைட்ரஜன் 3 விழுக்காட்டுக்கும் குறைவு, அதைப் பிரித்து உரமாக்க மின்சாரம் வேண்டும். மனிதக் கழிவையும் பயிர்த்தாளையும் மக்கவைத்துத் திருப்பிப் போடுவதுதான் முதல் வழியாக இருக்கும். எருக்குழியை விட்டு அங்கேயும் தப்ப முடியாது.

இதுவரை நடந்தது சின்னச் சின்ன அடிகள். 2024 டிசம்பர் 30 அன்று போன பிஎஸ்எல்வி சி60இல் இஸ்ரோ 8 தட்டைப்பயறு விதைகளை வைத்து அனுப்பியது. நான்கே நாளில் முளைத்தன, பிறகு இலையும் விட்டன. 2019இல் சீனாவின் சாங்-இ 4 நிலாவில் பருத்தி விதையை முளைக்க வைத்தது, இரவுக் குளிரில் அது செத்தது. 2022இல் அப்பல்லோ கொண்டுவந்த நிலா மண்ணிலேயே ஒரு சிறு கடுகு இனச் செடியை வளர்த்தார்கள். முளைத்தது, ஆனால் குன்றிப்போனது.

மூச்சுக் காற்றையும் சேர்த்துப் பாருங்கள். பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி கருவி 2021 முதல் 2023 வரை 16 முறை ஓடி, செவ்வாய்க் காற்றிலிருந்து மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 840 கிராம் வேண்டும். அந்த 122 கிராம் மூன்றரை மணி நேர மூச்சு. ஆனாலும் வேறொரு கிரகத்தின் காற்றிலிருந்து மனிதன் முதன்முதலாக எடுத்த ஆக்சிஜன் அது. என் கணிப்பில் செவ்வாய்ப் பயணத்தின் மிக முக்கியமான சோதனை இதுதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து, கல் அறுக்கும் பட்டறையில் வேலை செய்பவர்: நிலாவுல இருக்கிற கல்லும் நம்ம கிரானைட்டும் ஒண்ணா?

வெளிர் கிரானைட் இல்லை. அதில் நிறைய இருக்கும் குவார்ட்ஸ் நிலாவில் அபூர்வம். நிலாவின் வெளுத்த மேட்டுப் பகுதி அனார்த்தோசைட் என்ற கல். அது நமக்குப் பக்கத்தில் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. அதைப் பொடித்துத்தான் சந்திரயான் 2 தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க இஸ்ரோ செயற்கை நிலா மண் செய்தது. நீங்கள் அறுக்கும் கறுப்புக் கல் டாலரைட் என்றால், அது நிலாவின் கறுத்த பகுதியில் உள்ள பசால்ட்டுக்கு உறவு. கனிமங்கள் ஏறத்தாழ அவையே. நம்முடையது நிலத்துக்குள் வெடிப்பில் மெதுவாக ஆறியது, அது மேலே வழிந்து ஆறியது.

உங்கள் தொழில் ஆட்களுக்குச் சட்டென்று புரியும் விஷயம் தூசி. இங்கே மண்துகள் காற்றிலும் மழையிலும் உருண்டு முனை மழுங்கும். நிலாவில் அதற்கு வழியில்லை, ஒவ்வொரு துகளும் அப்போதே அறுத்த கல்தூள் போலக் கூர்மையாக இருக்கும். 1972இல் அப்பல்லோ 17இல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்குத் தூசி பட்டு மூக்கடைத்துத் தும்மல் வந்தது. உடையின் மேலடுக்கைத் தேய்த்தது, கல் மாதிரிப் பெட்டிகளின் காற்றுப்புகா மூடி சரியாக மூடாமல் போனதற்கும் அந்தத் தூசியே காரணம். நீங்கள் தண்ணீர் விட்டு அறுத்துத் தூசியை அடக்குகிறீர்கள், அங்கே அது முடியாது. மின்புலத்தால் தூசியை உதறும் தகடு ஒன்றை 2025இல் நிலாவில் இறங்கிய ப்ளூ கோஸ்ட் கலத்தில் சோதித்தார்கள், வேலை செய்தது.

அந்த மண்ணையே செங்கல்லாக்கும் வேலையும் நடக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் 2020இல் செயற்கை நிலா மண், யூரியா, ஒரு பாக்டீரியா, கொத்தவரை விதைப் பிசின் நான்கையும் சேர்த்துக் கல் செய்தார்கள். பிணைப்பைக் கொடுப்பது பாக்டீரியா உண்டாக்கும் கால்சியம் கார்பனேட். பிசின் சேர்த்ததும் கல்லின் உறுதி கூடியது.

காவேரிப்பட்டணத்திலிருந்து: அப்படின்னா அங்கே வீடு கட்டி இருந்துடலாம்தானே?

நிலாவானாலும் செவ்வாயானாலும் கதிர்வீச்சு நம்மை விடாது. நாசாவின் க்யூரியாசிட்டி ஊர்தி அளந்தபடி செவ்வாய்க்குப் போகும் வழியில் ஒரு நாளைக்கு 1.8 மில்லிசீவர்ட், தரையில் சுமார் 0.67. போக வர 360 நாள் என்றால் பயணத்தில் மட்டுமே 650 ஆகிவிடும். நாசா ஒரு வீரருக்கு வாழ்நாள் முழுமைக்கும் வைத்திருக்கும் வரம்பு 600. அதனால் வீடு என்பது கூரைமேல் இரண்டு, மூன்று மீட்டர் மண் மூடிய வீடு, அல்லது எரிமலைக் குழம்பு ஓடி வற்றிய குகை. நிலாவில் அப்படிப்பட்ட குகையின் வாய் போன்ற குழியை 2009இல் ஜப்பானின் ககுயா விண்கலம் கண்டது. கண்ணாடி மாடத்துக்குள் உட்கார்ந்து வானம் பார்க்கிற படங்களை நம்பாதீர்கள்.

மாரண்டஅள்ளியிலிருந்து ஓர் அம்மா: பொண்ணு பிளஸ் டூ. இஸ்ரோவுக்குப் போகணும்னா இன்ஜினியரிங் சீட் கிடைச்சாத்தான் உண்டா?

இல்லைங்கம்மா. திருவனந்தபுரத்தில் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, அதற்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு மதிப்பெண் வேண்டும். ஆனால் டிப்ளமோ முடித்தவர்களைத் தொழில்நுட்ப உதவியாளராகவும், ஐடிஐ முடித்தவர்களைத் தொழில்நுட்பராகவும் இஸ்ரோ எழுத்துத் தேர்வு, செயல்திறன் தேர்வு வைத்து எடுக்கிறது. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரானிக் மெக்கானிக் படிப்புகளுக்கு அங்கே இடமுண்டு. டிப்ளமோவில் முதல் வகுப்பு கட்டாயம் கேட்பார்கள், அதைப் பெண்ணிடம் முதல் செமஸ்டரிலேயே சொல்லிவிடுங்கள்.