சேஷாசலம் ஏன் மறந்துபோனது?

கேள்வி: அமெரிக்காவில் போலீஸ் ஒருவரைச் சுட்டால் நம் டிவியில்கூட ஒரு வாரம் ஓடுகிறது. 2015ல் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திராவில் 20 பேரைச் சுட்டார்கள். அதில் சித்தேரி மலைக்காரர்களும் உண்டு, எங்கள் ஜனம். சேர்வராயன் கோயில் திருவிழாவில் அந்தப் பேச்சு வந்தபோது காலேஜ் படிக்கும் என் மகன், 'அப்படி ஒன்று நடந்ததா?' என்கிறான். ஏன் இப்படி?
– வாசகி, ஏற்காடு

பதில்: உங்கள் மகன் மேல் தப்பில்லை அம்மா. அப்போது அவன் சின்னப் பையன். அதற்கப்புறம் அவன் கண்ணில் படும்படி யாரும் எழுதவில்லை.

2015 ஏப்ரல் 4ஆம் தேதி அமெரிக்காவின் தென் கரோலினாவில், காரின் பிரேக் விளக்கு எரியவில்லை என்று நிறுத்தப்பட்டு இறங்கி ஓடிய 50 வயதுக் கறுப்பினத்தவர் ஒருவரைப் போலீஸ்காரர் சுட்டார். என்னுடைய மின் அதிர்ச்சித் துப்பாக்கியைப் பிடுங்கினார், உயிருக்குப் பயந்து சுட்டேன் என்றார். மூன்று நாள் அதுதான் செய்தி. அப்புறம், அந்த வழியாக வேலைக்கு நடந்து போன ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோ வெளியே வந்தது. ஓடுகிறவரின் முதுகைப் பார்த்து எட்டு குண்டு. போலீஸ்காரர் அன்றைக்கே கைது, 2017ல் 20 வருடச் சிறை.

அந்த வீடியோ வெளிவந்த தேதி ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் 20 பேர் செத்ததும் அதே நாள்தான். அங்கே வீடியோ எடுக்க யாரும் இல்லை.

நம் ஊரிலும் முதலில் பெரிய செய்திதான். கொந்தளித்தோம், ஆந்திராவுக்குப் பஸ்கூட நின்றது. பஸ்ஸில் வந்தவர்களை இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று, தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். ஆனால் அது வாய்ச்சொல், டிவியில் திரும்பத் திரும்பப் போட்டுக்காட்ட முடியாது. வழக்கு ஆந்திராவில், வீடு ஜவ்வாது மலையிலும் சித்தேரியிலும். எந்த நிருபரும் மாதாமாதம் மலையேறிப் போகவில்லை. 2018 மே 22ல் தூத்துக்குடியில் சுட்டபோது அது நகரம், பட்டப்பகல், சுற்றிலும் கேமரா. வேன் மேல் ஏறிக் குறிபார்த்த போலீஸ்காரரை நாடே பார்த்தது. அந்த 13 பேரை இன்றும் யாரும் மறக்கவில்லை.

உள்ளே இருந்து பார்த்ததையும் சொல்கிறேன். நான் சேலத்தில் ஒரு நாளிதழில் பக்கம் பார்த்தவன். ராத்திரி ஏழு மணிவாக்கில் போலீஸ் குறிப்பு வரும்: சரணடையச் சொன்னோம், அரிவாளால் வெட்ட வந்தார், தற்காப்புக்காகச் சுட்டோம். எட்டரைக்குப் பக்கம் போயாக வேண்டும். பிணவறை வாசலில் அந்த வீட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், எங்கள் நிருபரும் அவர்களுக்குப் பத்தடி தள்ளித்தான் நிற்பார், ஆனால் அவர் நோட்டில் இருப்பது முழுக்க இன்ஸ்பெக்டர் சொன்னது. ஒருமுறை 'போலீஸ் சுட்டதில் இருவர் பலி' என்று நான் வைத்த தலைப்பு, காலையில் 'ரவுடிகள் இருவர் பலி' என்று வந்தது. சுட்டது யார் என்பதே அதில் இல்லை. அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை, இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்று அம்மா, அதே ஏப்ரல் 7ல் தெலங்கானாவில் ஆலேர் பக்கம் போலீஸ் வேனில் கைவிலங்கோடு இருந்த விசாரணைக் கைதிகள் 5 பேரைச் சுட்டார்கள். அந்தச் செய்தியை ஒரு வரி படித்துவிட்டு அடுத்த பக்கம் போனவன் நான். நம் ஆள் இல்லை என்றால் நாமும் அப்படித்தான் இருக்கிறோம்.

கேள்வி: அமெரிக்காவில் வெள்ளைக்காரர்களையும்தான் சுடுகிறார்கள், மீடியா கறுப்பர்களை மட்டும் காட்டுகிறது என்று நண்பன் வாதாடுகிறான். சரியா?
– மாணவர், அழகாபுரம்

பதில்: பாதி சரி. 2015லிருந்து வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை ஒவ்வொரு சாவாகக் கணக்கெடுத்தது. வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் பேர், எண்ணிக்கையில் வெள்ளையர்தான் அதிகம். ஆனால் மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் கறுப்பினத்தவர் சுடப்படுவது இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் நண்பர் இந்த இரண்டாவது கணக்கை விட்டுவிட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு: அதே தென் கரோலினாவில் 2015 ஜூலையில் 19 வயது வெள்ளை இளைஞன் சுடப்பட்டபோது, ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று அந்தக் குடும்பத்தின் வக்கீலே கேட்டார். அரசாங்கத்தின் எஃப்பிஐ கணக்கில் இந்தச் சாவுகளில் பாதிகூடப் பதிவாகவில்லை என்பதையும் அந்தப் பத்திரிகைதான் கண்டுபிடித்தது. நம் நாட்டில் எந்தப் பத்திரிகையாவது அப்படி உட்கார்ந்து எண்ண வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: சேலம் ஜெயிலுக்குள்ளேயே சுட்டார்களாமே, உண்மையா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: உண்மை. உங்கள் ஊரில்தான். 1950 பிப்ரவரி 11, குடியரசாகி 16 நாள். சேலம் மத்திய சிறைக்குள் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுடப்பட்டுச் செத்தார்கள், பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். கட்சிக்காரர்கள் வருடாவருடம் நினைவுநாள் நடத்துகிறார்கள். அடுத்த இதழில் அந்த 22 பேரின் பெயரும் ஊரும் இந்தப் பக்கத்தில் வரும். ஏற்காடு அம்மா, சேஷாசலத்து 20 பேரின் பெயரும் அதோடு சேர்ந்து வரும், உங்கள் மகனுக்குக் காட்டுங்கள்.