ஐசியு பில்லில் கூடுதல் வசூல்: சமரசத்துக்குப் போகலாமா?

கேள்வி: 2020 ஆகஸ்டில் கொரோனா வந்த அப்பாவைச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். 11 நாள் ஐசியுவில் இருந்து இறந்துவிட்டார். கடைசிவரை முகத்தைக்கூடக் காட்டவில்லை. பாக்கியைக் கட்டிய பிறகுதான் உடலையே கொடுத்தார்கள். பில்லில் ஐசியுவுக்குத் தினம் ரூ.28,000 போட்டிருந்தார்கள். கூடுதல் வசூலுக்காக 2023-ல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். இப்போது ரூ.1.20 லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். மறுத்துவிட்டு, சிகிச்சையில் கவனக்குறைவு என்று ரூ.25 லட்சம் சேர்த்துக் கேட்கலாமா?

பதில்: வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் வழக்குக்கு உதவுவது பில்லில் உள்ள ஒரே வரி: ஐசியு, 11 நாள், தினம் ரூ.28,000. 2020 ஜூனில் தமிழக அரசு வைத்த உச்சவரம்பு தினம் ரூ.15,000. வித்தியாசம் ரூ.1.43 லட்சம். பில்லும் அரசாணையும் போதும். மருந்தும் பிபிஇ கிட்டும் தனி என்பார்கள். அது இந்த வரியைத் தொடாது.

கவனக்குறைவைச் சேர்த்தால் இந்தச் சுத்தமான கணக்கும் கெடும். நான் நடத்திய ஒரு வழக்கில் என் கட்சிக்காரர் பிடிவாதமாகச் சேர்த்தார். மருத்துவமனை உடனே நிபுணர் குழுவின் கருத்தைக் கேட்டது. 'அன்றைய வழிகாட்டுதல்படியே சிகிச்சை' என்று அறிக்கை வந்தது. வாதத்தன்று எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் வாசித்ததே அதைத்தான். ஒரே நாளில் ஒன்பது பிபிஇ கிட் போட்ட பில் எங்கள் கையில் இருந்தது. அதைக் கேட்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. தவிர, உங்களுக்குக் காலவரையறையும் தாண்டிவிட்டது. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் கணக்கில் சேர்க்காமல் விட்ட நாட்களைக் கழித்தாலும், வழக்குப் போட உள்ள இரண்டு வருடக் கெடு 2024 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது.

பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நான் பயப்படுவது அவர்கள் நீட்டும் பேப்பரைப் பார்த்துத்தான். 'முதலில் வழக்கை வாபஸ் வாங்குங்கள், செக் பின்னால் வரும்' என்பார்கள். வாபஸ் வாங்கிவிட்டு செக்குக்காக அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆணையத்திலேயே இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டு மெமோ போட்டு, அதன்படி உத்தரவு வாங்குங்கள். பணம் வராவிட்டால் நிறைவேற்று மனு போட அந்த உத்தரவு வேண்டும். 'சிகிச்சையில் எனக்குக் குறை எதுவும் இல்லை' என்ற வரி எப்படியும் இருக்கும்; அதை நீக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸில் ஏதாவது வாங்கியிருந்தால் அதை இப்போதே உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

மிச்சம் ரூ.23,000-க்காக இன்னும் எத்தனை வாய்தா நடப்பீர்கள்? வழக்குச் செலவு என்று ஒரு பத்தாயிரம் கூட்டிக் கேட்டுப் பாருங்கள். தராவிட்டாலும் கையெழுத்துப் போடுங்கள்.