4 பேரை வச்சுக்கிட்டு 12 மலை கிராமத்துல மாலை நேர வகுப்பு நடத்த முடியுமா?

முடியாதுங்க, ஆனா உங்க ஆளுங்க மேல தப்பில்ல. ஏற்காடு பக்கம் 12 ஊர், வாரத்துக்கு 2 வகுப்புன்னு ப்ளான் போட்டிருக்கீங்க, 4 பேர்ல ஃபீல்டுக்குப் போறது 2 பேர்தான், மத்தவங்க கணக்கு, ரிப்போர்ட்னு ஆபீஸ்லயேன்னு சொல்றீங்க. அப்ப முதல்ல நாள் கணக்கு போடுங்க.

365ல ஞாயிறு 52, லீவு பண்டிகைன்னு ஒரு 30 கழிச்சா மிச்சம் 280 சொச்சம், அதுல மூணுல ஒரு பங்கு மீட்டிங், பில்லு, ரெஜிஸ்டர்னே போயிடும். ஒருத்தருக்கு 185 நாள், ரெண்டு பேருக்கு 370. சேலத்துலேருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி அதுக்கு மேல மண் ரோட்டுல போறதால ஒரு ஊருக்குப் போனா அன்னைக்கு நாள் முடிஞ்சுது. உங்க ப்ளானுக்கு 12 ஊர், 2 வகுப்பு, 50 வாரம், மொத்தம் 1200 நாள் வேணும்! 7 ஊர், வாரம் ஒரு வகுப்புன்னா 350, மழைக்கும் காய்ச்சலுக்கும் 20 நாள் கையில இருக்கும்.

நாங்களும் இப்படி இழுத்துப் போட்டுக்கிட்டவங்கதான், ஒரு அக்கா டைரில "கடைசி பஸ் போயிடுச்சு, நடந்தே வந்தேன்"னு ஒரே மாசத்துல மூணு தடவ எழுதியிருந்தாங்க, அதப் படிச்சப்ப மனசு கேக்கல, அந்த வாரமே ஊரைக் குறைச்சோம்.

இன்னொன்னு, நவம்பர்லேருந்து ஜனவரி வரைக்கும் காப்பி அறுவடை, வீட்டுல எல்லாரும் எஸ்டேட்லதான் இருப்பாங்க, அப்ப புது ஊர் ஆரம்பிக்காதீங்க. நிதி தர்றவங்ககிட்ட இந்தக் கணக்கையே காட்டி, 12 வேணும்னா இன்னும் ரெண்டு பேர் சம்பளம் சேருங்கன்னு தைரியமா கேளுங்க, அப்பக்கூட வாரம் ஒரு வகுப்புதான் தாங்கும்.