வால்வெள்ளியைப் பெரிதாக்கித் தேடாதீர்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. நான் ஒட்டுசுட்டானில் உயர்தரம் படிக்கிறேன். கனடாவில் இருக்கும் மாமா வந்தபோது ஒரு 10×50 பைனாகுலரும் 114 மி.மீ. தொலைகாட்டியும் கொண்டுவந்து தந்தார். ஒளிர்வு எண் 6 உள்ள வால்வெள்ளி ஒன்று மாலை வானில் தெரியும் என்று செய்தியில் பார்த்து, தொலைகாட்டியில் நெடுநேரம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. கருவியில் பிழையா?

பதில்: தம்பி, கருவியில் பிழை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் தேடிய ஒழுங்குதான் மாற வேண்டும். முதலில் பைனாகுலர், அப்புறம்தான் தொலைகாட்டி.

ஒளிர்வு எண் கூடக்கூட மங்கல் என்று அர்த்தம். எண் 6 உள்ள நட்சத்திரத்தின் வெளிச்சம் முழுவதும் ஒரே புள்ளியில் இருக்கும். அதே எண் உள்ள வால்வெள்ளியில் அவ்வளவு வெளிச்சமும் தண்ணீரில் விட்ட பால்துளி போலப் பரந்து கிடக்கும். அதைப் பெரிதாக்கப் பெரிதாக்க இன்னும் மெலிந்து வானத்தோடு கலந்துவிடும். 114 மி.மீ. தொலைகாட்டிகள் பலவற்றில் குவியத்தூரம் 900 மி.மீ. உங்களுடையதும் அப்படியென்றால், 20 மி.மீ. பார்வைத்துண்டில் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையில்) 45 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். வானத்தில் ஏறத்தாழ ஒரு பாகை அகலம்தான் தெரியும். 4 மி.மீ. துண்டில் அது 225 மடங்கு. அதையும், கூடவே உருப்பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ வில்லை வந்திருந்தால் அதையும், இந்த வேலைக்கு வெளியே எடுக்கவே வேண்டாம். பைனாகுலரிலோ 6 பாகையளவு ஒரே பார்வையில் விழும். முழுநிலா அரைப் பாகை, ஒப்பிட்டுப் பாருங்கள்.

வால்வெள்ளி இல்லாத நாளிலும் பழகலாம். சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே தெரியும் தென்சிலுவைக்கு இடப்பக்கமாக ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து இருக்கிறது. வன்னியில் அது அடிவானத்தில் இருந்து 30 பாகைக்கு மேல் ஏறும். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு அது தெரிவதே இல்லை. பைனாகுலரில் வாலில்லாத வால்வெள்ளி போலவே, ஓரம் கரைந்த வெண்திட்டாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் வால்வெள்ளி தேடிய சார்ல்ஸ் மெசியே இப்படிக் கண்ணை ஏமாற்றும் திட்டுகளைத்தான் பட்டியல் போட்டார். ஒமேகா சென்டாரியைத் தட்டுத்தடுமாறாமல் பிடிக்க முடிந்தால் உங்கள் கண் தயார்.

சரி, வால்வெள்ளிக்கு வருவோம். ஸ்டெல்லாரியம் என்ற வான்வரைபடச் செயலியில் அன்றைய இடத்தைப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு போனை மூடிவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். ஒரு தடவை போனைத் திறந்தால் அது முதலில் இருந்து தொடங்கும். சாய்மனைக் கதிரையில் சாய்ந்து, முழங்கைகளைக் கைப்பிடியில் ஊன்றினால் பைனாகுலர் ஆடாது. நட்சத்திரம் ஊசிமுனை போலத் தெரியும்வரை குவியத்தைச் சரிசெய்துவிட்டு மெதுவாக நகருங்கள். எங்கேனும் மங்கல் தட்டுப்பட்டால் அதை நேரே பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பாருங்கள். மங்கல் ஒளியை உணரும் கலங்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிவரத்தான் இருக்கின்றன.

நேரமும் முக்கியம். எங்கள் அகலக்கோட்டில் சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக இறங்குவதால் மறைந்து ஏறத்தாழ 75 நிமிடத்தில் முழு இருள் வந்துவிடும். அதற்குப் பிறகு வால்வெள்ளி அடிவானத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று முதலே பாருங்கள். 2024 ஒக்டோபர் 12ஆம் திகதி பூமிக்கு மிக அருகே வந்த சுச்சின்ஷான்–அட்லஸ் வால்வெள்ளி நாளுக்கு நாள் மேற்கில் உயர்ந்தது, ஆனால் கூடவே மங்கியும் போனது. இடையில் 17ஆம் திகதி முழுநிலா வேறு. ஒக்டோபருக்குப் பிறகு எங்களுக்கு மாரி முகில் என்பதால், வானம் வெளித்த ஒரு இரவையும் விடாதீர்கள். ஆனால் சூரியன் முற்றாக மறையுமுன் அந்தப் பக்கம் பைனாகுலரைத் திருப்பவே கூடாது. கண் ஒரு கணத்தில் போய்விடும். விடிகாலை வால்வெள்ளி என்றால் சூரியன் உதிக்குமுன் நிறுத்துங்கள்.

இடத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஏ9 வீதி விளக்குகளையும் கிளிநொச்சி நகரையும் விட்டு விலகினால் பால்வீதி தெளிவாகத் தெரியும் வானம் எங்களுடையது. காலபோக அறுவடை முடிந்த வயல்வெளி அருமையான இடம். கிழக்குக்கு முல்லைத்தீவுக் கடற்கரையும் மேற்குக்குப் பூநகரிப் பக்கமும் நல்லவை. யானை நடமாடும் பாதையா என்று ஊராரிடம் கேளுங்கள். பற்றைக்குள் இறங்காதீர்கள், புடையன் இருக்கும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட காணிப் பக்கம் போகவே வேண்டாம். தனியே போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

பைனாகுலரில் பிடித்த பிறகு 20 மி.மீ. துண்டுடன் தொலைகாட்டியைத் திருப்புங்கள். இப்போது அதன் பெரிய ஆடி பயன் தரும்: தலையின் நடு எவ்வளவு செறிவாக இருக்கிறது, வால் எந்தப் பக்கம் தொடங்குகிறது என்று தெரியும். படங்களில் வரும் பச்சை நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். கண்ணுக்கு அது பெரும்பாலும் சாம்பல்தான். சுற்றியுள்ள நட்சத்திரங்களோடு ஒரு பென்சில் படம் வரைந்து, ஒரு மணித்தியாலம் கழித்து இன்னொன்று வரையுங்கள். பூமிக்குக் கிட்ட வரும் வால்வெள்ளி என்றால் அது நகர்ந்திருப்பது உங்கள் தாளிலேயே தெரியும்.

ஒளிர்வையும் நீங்களே அளக்கலாம். வால்வெள்ளியின் தோற்றத்தை மனத்தில் பதித்து, பைனாகுலரின் குவியத்தைக் கலைத்து அருகிலுள்ள நட்சத்திரங்களை அதே அளவுக்கு ஊதிப் பெருக வையுங்கள். எந்த நட்சத்திரம் அதே மங்கலாக இருக்கிறதோ அதன் எண்தான் உங்கள் விடை. சுலோவேனியாவில் இருந்து நடத்தப்படும் கோப்ஸ் என்ற தரவுத்தளம் இப்படியான அளவுகளை உலகெங்குமுள்ள ஆர்வலர்களிடம் இருந்து சேர்க்கிறது. செய்தியில் வரும் எண்ணை நம்புவதைவிட அங்கே அன்றன்று பதிவான எண்ணைப் பாருங்கள். உங்கள் அளவையும் கருவியின் விபரத்தோடு அனுப்புங்கள். நேரத்தை எழுதும்போது இலங்கை நேரத்தில் இருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழித்து உலக நேரமாக எழுத வேண்டும்.