அமெரிக்காவில் கிராஃப்ட் பீரும் புளூகிராஸ் இசையும் சேர்ந்த விழாக்கள் எப்படி இருக்கும்? நம்மவர்கள் போய் ரசிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் வேலை மாறி சார்லட்டுக்கு வந்திருக்கிறாராம். கூட வேலை செய்பவர்கள் ஆஷ்வில் பக்கம் மலையில் நடக்கும் ஒரு விழாவுக்குக் கூப்பிடுகிறார்கள். பீர் ஓரளவு பிடிக்கும், இசையைப் பற்றி ஒன்றும் தெரியாது, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்கிறார். கிராஃப்ட் பீர் என்றால் சின்ன ஆலைகள் தங்கள் கைப்பக்குவத்தில் காய்ச்சும் பீர். புளூகிராஸ் என்றால் தந்திக் கருவிகளை வைத்து வேகமாக வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புற பாணி இசை. நானும் வட கரோலைனாவில்தான் குப்பை கொட்டுகிறேன், இந்த மாதிரி விழாக்களுக்குப் போய் வருபவன். அதனால் சொல்கிறேன்.

தாராளமாகப் போங்கள். ஆனால் டிக்கெட் வாங்கும் முன், அது பீர் விழாவா இசை விழாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போஸ்டரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாப் போஸ்டரிலும் ஒரு பாஞ்சோ (தோல் போர்த்திய வட்ட உடலும் நீளக் கழுத்தும் உள்ள தந்திக் கருவி), ஒரு பீர் கோப்பை, பின்னால் நீல மலை. டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தால் தெரிந்துவிடும்.

'எவ்வளவு வேண்டுமானாலும் சாம்பிள் குடிக்கலாம்' என்று இருந்தால் அது பீர் விழா. வாசலில் கையில் பட்டை கட்டி, ஒரு குட்டிக் கோப்பையைக் கொடுத்து உள்ளே விடுவார்கள். பிறகு நான்கைந்து மணி நேரம் கூடாரம் கூடாரமாகப் போய் அதை நீட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பாதிப் பேர் கழுத்தில் பிரெட்சல் (முறுக்கு மாதிரி மொறுமொறு தின்பண்டம்) மாலை தொங்கும். உப்பு பிரெட்சலை நூலில் கோத்து வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வருவார்கள். ஒரு பீருக்கும் அடுத்த பீருக்கும் நடுவில் ஒன்றைக் கடித்துக்கொள்ள. யாராவது கோப்பையைக் கீழே போட்டால் மைதானமே 'ஓ'வென்று கத்தும். ஜாலிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேடையில் ஒரு நல்ல குழு உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருக்கும், கூட்டம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டவுட் என்ற கறுப்பு பீருக்கான வரிசையில் நிற்கும். எனக்கு அது பொறுக்காது.

டிக்கெட் இசைக்கு, பீரைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் அதுதான் என் சிபாரிசு. மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடலாம். மதியம் முழுக்க இரண்டே கோப்பை குடித்துவிட்டு ஆறு குழுக்களைக் கேட்டுவிட்டு வரலாம்.

இந்த மலையும் இந்த இசையும் பீரும் ஏதோ காலங்காலமாக ஒன்றாக இருந்தவை என்றுதான் விழாக்காரர்கள் பேசுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. வட கரோலைனா 1908-லேயே வாக்கெடுப்பு நடத்தி மதுவிலக்கு கொண்டுவந்த மாநிலம். நாடு முழுக்க மதுவிலக்கு வந்ததே அதற்குப் பல வருஷம் கழித்துத்தான். இன்றைக்கும் விஸ்கி, ரம் பாட்டில் வேண்டுமென்றால் ஏபிசி ஸ்டோர் என்ற அரசுத் தரப்புக் கடைக்குத்தான் போக வேண்டும், நம் டாஸ்மாக் மாதிரி. புளூகிராஸ் வளர்ந்ததும் பெரும்பாலும் சர்ச்சுக்குப் போகும் குடும்பங்களில். டாக் வாட்சன் என்ற பெரிய கிடார் கலைஞர், கண் தெரியாதவர், தன் மகன் மெர்ல் நினைவாக 1988-ல் வில்க்ஸ்பரோவில் ஆரம்பித்த மெர்ல்ஃபெஸ்ட் பல ஆண்டுகள் மது இல்லாமலேதான் நடந்தது. இத்தனைக்கும் அந்த வில்க்ஸ் கவுன்ட்டி ஒரு காலத்தில் கள்ளச்சாராயத்துக்குப் பேர்போன இடம்!

பீர் பின்னால் வந்தது. ஓய்வு பெற்ற எஞ்சினியர் ஆஸ்கர் வாங் 1994-ல் ஆஷ்வில்லில் ஒரு கடையின் நிலவறையில் ஹைலேண்ட் புரூயிங்கைத் தொடங்கினார். அப்போது மாநிலச் சட்டப்படி பீரில் ஆல்கஹால் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பீர் ஆர்வலர்கள் போராடி 2005-ல் அதை 15 சதவீதமாக உயர்த்த வைத்தார்கள். அதற்குப் பிறகு ஊரெல்லாம் புரூவரிகள், அதாவது பீர் ஆலைகள், முளைத்தன. சியரா நெவாடா, நியூ பெல்ஜியம் போன்ற பெரிய கம்பெனிகளே கிழக்குக் கரைக்கான ஆலைகளை இந்தப் பக்கம் கட்டின. புரூவரிக்காரரிடம் புல்வெளி இருக்கிறது, கூட்டம் வேண்டும். பாஞ்சோக்காரரிடம் பாட்டு இருக்கிறது, மேடை வேண்டும். கல்யாணம் முடிந்தது.

இசைக்கும் ஒன்றும் அவ்வளவு வயதாகிவிடவில்லை. கென்டக்கியில் பிறந்த பில் மன்றோதான் இதன் தந்தை என்பார்கள். அவருடைய குழுவில் 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் சேர்ந்தார். மூன்று விரல்களால் மழை பொழிவதுபோல் பாஞ்சோ மீட்டும் அவர் பாணி வந்த பிறகுதான் இது தனி வகை இசையாகவே ஆனது. ஸ்க்ரக்ஸ் நம்ம ஊர்க்காரர், ஷெல்பி பக்கம். அங்கே பழைய கோர்ட் கட்டடத்தில் அவர் பெயரில் ஒரு மியூசியம் 2014-லிருந்து இருக்கிறது. சார்லட்டிலிருந்து ஆஷ்வில்லுக்கு 74-ஆம் நம்பர் சாலையில் போனால் வழியில்தான். விழாவுக்குப் போகும்போது ஒரு மணி நேரம் அங்கே இறங்கிவிட்டுப் போனால் மேடையில் நடப்பது பாதி புரிந்துவிடும்.

மேடையில் என்ன நடக்கும்? டிரம்ஸ் இருக்காது. பாஞ்சோ, ஃபிடில் (நம் வயலின்தான்), கிடார், மாண்டலின், ஆள் உயர பேஸ். மாண்டலின் என்றதும் நமக்கு ஸ்ரீனிவாஸ்தான் ஞாபகம் வருவார். இங்கே அதன் வேலை வேறு. தன் முறை வரும்போது ராகம்போல் ஓடினாலும் மற்ற நேரமெல்லாம் தந்திகளை அடித்த உடனே ஒலியை அடக்கி 'சக், சக்' என்று தாளம் போடும். பேஸ் 'தும்' என்றால் மாண்டலின் 'சக்'. இந்த இரண்டையும் காது பிடித்துக்கொண்டால் போதும், மீதி தானாக வரும்.

பழைய முறையில் வாசிக்கும் குழு என்றால் நடுவில் ஒரே ஒரு மைக் இருக்கும். கட்டாயம் முன்னால் போய் உட்காருங்கள். பாட்டு முடியும்போதே பாஞ்சோக்காரர் தோளைச் சரித்து மைக்குக்குள் நுழைவார், பாடியவர் பின்வாங்குவார், அதே நொடியில் ஃபிடில்காரர் வில்லை உயர்த்தி மாண்டலின் கழுத்தில் இடிக்காமல் வளைந்து வெளியே போவார். கையோ தாளமோ நிற்காது. பேஸ்காரர் மட்டும் அசையாமல் நிற்பார். சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் கால்களால்தான். நான் இதைப் பார்க்கவே போவேன்.

அப்புறம் பார்க்கிங். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நல்ல விழாவில் பாதிக் கச்சேரி கார் நிறுத்துமிடத்திலும் கூடாரங்களுக்கு நடுவிலும்தான் நடக்கும். முன்பின் தெரியாதவர்கள் வட்டமாக நின்று வாசிப்பார்கள். ஒருவர் பாட்டின் பெயரையும் சுருதியையும் சொல்வார், ஆரம்பித்துவிடும். யார் அடுத்து தனியாக வாசிப்பது என்பது கண் ஜாடையில் போகும். பாட்டை எடுத்தவர் ஒரு காலைத் தூக்கினால் இதுதான் கடைசிச் சுற்று என்று பொருள். பதினாறு வயதுப் பெண்ணும் எழுபது வயதுத் தாத்தாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். வெளியே நின்று கேட்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வட்டத்துக்குள் மட்டும் போய் நிற்காதீர்கள்.

கூட்டத்தில் நம் நிறத்தில் ஆள் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. எனக்கு இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. பேச்சுக் கொடுத்தால் பேசிக்கொண்டே இருக்கும் மனிதர்கள். ஆனால் இதை வெள்ளைக்காரர் இசை என்று நினைத்துவிடாதீர்கள். பாஞ்சோவே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் செய்த சுரைக்குடுக்கைக் கருவியிலிருந்து வந்தது. அதை மறுபடி ஊருக்கு நினைவூட்டியவர்களில் முக்கியமானவர் கிரீன்ஸ்பரோவைச் சேர்ந்த கறுப்பினப் பாடகி, பாஞ்சோ கலைஞர் ரியானன் கிடன்ஸ். போகும் முன் யூடியூபில் அவரையும் டாக் வாட்சனையும் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள்.

சரி, பீர். கிங்ஃபிஷர் குடித்துப் பழகிய நாக்குக்கு ஐபிஏ என்ற கசப்பு வகை முதல் வாயிலேயே கசக்கும். கசப்பு குறைந்த ஆம்பர் ஏல் அல்லது கோல்ஷ் வகையில் தொடங்குங்கள். கோசே என்று ஒரு புளிப்பு ஜெர்மன் வகை உண்டு. அதில் உப்பும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள். கோடை வெயிலுக்கு அதுதான் என் முதல் தேர்வு. சின்ன புரூவரிகளின் கூடாரத்தில் பல நேரம் காய்ச்சியவரே ஊற்றிக் கொடுப்பார், கேட்டால் மகிழ்ந்துபோய்ச் சொல்வார். பிடிக்காததைக் கீழே கொட்டப் பக்கெட் வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பலகையில் ஆல்கஹால் சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள். இம்பீரியல் ஸ்டவுட் பல நேரம் 10-ஐத் தாண்டும். 60 மில்லி சாம்பிளில் ஆறு போனால் ஒரு கேன் கணக்கு.

கார் விஷயத்தில் விளையாடவே வேண்டாம். இங்கே இரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.08 சதவீதம். எச்1பி வேலை விசாவில் இருப்பவருக்கு அபராதத்தோடு முடியாது. குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே, விசாவை ரத்து செய்ய வாய்ப்பு உண்டு. பீர் விழாக்களில் வண்டி ஓட்டுபவருக்கென்று பெரும்பாலும் தனி டிக்கெட் இருக்கும், விலையும் குறைவு. மலையிலேயே அறை எடுப்பது இன்னும் நல்லது. அக்டோபரில் இலை நிறம் மாறும் சீசனில் வாடகை எகிறும், முன்கூட்டியே போட்டுவிடுங்கள். 21 வயது ஆனதற்கு அடையாள அட்டை இல்லாமல் எத்தனை நரைமுடி காட்டினாலும் ஊற்ற மாட்டார்கள்.

சாப்பாடு பெரும்பாலும் பன்றி இறைச்சி பார்பிக்யூ. சைவம் என்றாலும் ஆஷ்வில் பக்கம் பட்டினி கிடக்க மாட்டீர்கள். மலைச் சாலையோரம் அவித்த வேர்க்கடலை விற்பார்கள், உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட. கண்டால் வண்டியை நிறுத்துங்கள்.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் இந்த ஊரைப் புரட்டிப் போட்டது. ஆஷ்வில் குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் வர 53 நாள் ஆனது. பீர் காய்ச்சும் ஊருக்கு அது எப்பேர்ப்பட்ட அடி என்று யோசித்துப் பாருங்கள். அதனால் பழைய பயணக் கட்டுரைகளை நம்பிக் கிளம்ப வேண்டாம். விழா நடக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா, சாலை திறந்திருக்கிறதா என்று அந்த வாரத்தில் பாருங்கள்.

கருத்துப் பகுதியில் ஒருவர், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தார். இசை விழாவுக்குத் தாராளமாக. காது கிழியும் சத்தம் இல்லை, குழந்தைகள் ஓடியாடும் இடம்தான். சாயங்காலம் மலையில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வு நாற்காலி முதுகு உயரமாக இருந்தால் பின் வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள், குட்டையானதாக வாங்குங்கள். 'எல்லா டிக்கெட்டும் சாம்பிள் டிக்கெட்' என்கிற பீர் விழாக்களில் 21 வயதுக்குக் கீழே உள்ளே விடாத இடங்களும் உண்டு, பிள்ளைகள் இருந்தால் விசாரித்துவிட்டுப் போங்கள்.