சளிக்கும் நரம்பு வலிக்கும் ஒரே உருண்டையா?

கேள்வி: எங்கள் ஊர் இரவுச் சந்தையில் 80 வெள்ளிக்கு ஒரு புட்டி மூலிகை உருண்டை விற்கிறார்கள். இடுப்பிலிருந்து கால்வரை இழுத்த என் தாயாரின் நரம்பு வலி இரண்டே நாளில் அடங்கியது. மூன்று மாதமாக உண்கிறார். பிள்ளைகளின் சளிக்கும் அதையே கொடுக்கிறோம். ஆங்கில மருத்துவத்தையே உயர்த்திப் பேசும் நீங்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்? தாயாருக்கு இனிப்பு நீரும் உண்டு.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியதை நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். மூலிகை என்று விற்கப்படும் வலி மருந்துகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. அது வீக்கத்தை விரைவாக அடக்குவதால் வலி குறையும், பசி எடுக்கும், உடம்பு தேறியதுபோல் தோன்றும். ஆனால் மாதக்கணக்கில் உண்டால் முகம் உப்பும், எலும்பு வலுவிழக்கும், இனிப்பு நீர் உள்ளவருக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறும். ஆகவே, அந்த 'இரண்டே நாள்' எனக்கு மகிழ்ச்சி தரவில்லை.

உங்கள் உருண்டையில் அது உண்டென்று புட்டியைப் பார்க்காமல் நான் தீர்ப்புக் கூற மாட்டேன். பார்க்க வேண்டியவர் நீங்கள். 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளின் கீழ், இத்தகைய பாரம்பரிய மருந்துகளும் பதிவு பெற்றிருக்க வேண்டும், புட்டியில் 'எம்.ஏ.எல்.' (MAL) என்ற எழுத்துகளை அடுத்து 8 இலக்கங்களும், பாரம்பரிய மருந்தாயின் இறுதியில் 'டி' (T) என்ற எழுத்தும் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடி, அங்கே வரும் பெயரும் புட்டியின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். அடுத்தவர் எண்ணை அச்சடித்து ஒட்டுபவர்களும் உண்டு. தோட்டத்து மருந்தகத்தில் டிரசர் என்ற மருத்துவ உதவியாளர் ஊற்றிக் கொடுத்ததை என்னவென்று கேட்காமல் குடித்த காலம் போய்விட்டது. நாட்டு மருந்தை நான் இழித்துப் பேசவில்லை. அதன் பெயரில் ஆங்கில மாத்திரையைப் பொடித்துக் கலப்பவரைத்தான் பேசுகிறேன்.

சளியின் கதை வேறு. வைரஸால் வரும் அது பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானே போய்விடுவதால், இடையில் எதைக் கொடுத்தாலும் அது பலித்ததாகவே தோன்றும். கோடாலித் தைலத்திலுள்ள மென்தால்கூட மூக்கடைப்பை நீக்குவதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டி, நீங்கியதுபோல் உணரவைக்கிறது. பெரியவர்களுக்கு அந்தச் சுகம் போதும். கற்பூரம் கலந்த தைலத்தை மட்டும் இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தடவாதீர்கள், எந்தப் பிள்ளையின் கைக்கும் எட்ட விடாதீர்கள். சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும்.

பிள்ளைகளுக்கு அந்த உருண்டையை இனிக் கொடுக்க வேண்டாம். தாயாருக்கோ, பயந்துபோய் நீங்களாகவே திடீரென நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டு இருந்திருந்தால், அப்படி நிறுத்துவது இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். நாளையே அவரைப் புட்டியோடு அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, நாளுக்கு எத்தனை உருண்டை, எப்போதிலிருந்து என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, சர்க்கரை அளவையும் சோதிக்கச் சொல்லுங்கள்.